கூடு ஒன்று, உயிர் பல: ஓர் ஆராய்ச்சி

நிறுவனத்தார் கைப்பேசிக்குள் வைத்தனுப்பிய இயங்குதளத்தை அகற்றிவிட்டு அந்நியமான வேறொன்றை அதற்குள் குடியேற்றும் வித்தையை, அதிலே ஈடுபட்ட இளைஞர்கள் ‘கஸ்டம் ரோம் போடுவது’ என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்களாயினும், சாஸ்திர ரீதியாக நோக்குமிடத்து அது பரகாயப் பிரவேசத்தின் ஒரு பிரிவேயாகும் என்பது நமது சித்தாந்தம்.

“கூடுவிட்டுக் கூடு பாய்கையில் உயிர் ஒன்றாயிருக்க உடலன்றோ மாறுகிறது? இங்கே உடல் கிடந்தபடி கிடக்க உயிர் மாறுகிறதே!” என்று ஆட்சேபிப்பாருளர். அவர்கள் பெரிய புராணத்தில் திருமூல நாயனார் சரித்திரத்தை கூடு பாய்ந்த யோகியின் பக்கம் நின்று மட்டும் படித்தவர்கள். சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்னும் இடையனுடைய உடலின் பக்கம் நின்று பார்ப்போமானால், இருந்த உயிர் அகன்று வேறோர் உயிர் புகுந்தது என்பதற்கு மேல் அங்கே யாதொன்றும் நிகழவில்லை. மாடுகளும் மூலன் எழுந்துவிட்டான் என்றே மகிழ்ந்தன. சார்ஜரும் அவ்வாறே பேதம் பாராட்டுவதில்லை.

இனி, பிரயோக முறை. ஆண்ட்ராய்டுக் கைப்பேசியின் அமைப்புகளுக்குள் ‘பில்டு நம்பர்’ என்னும் வரியை ஏழு முறை தட்டினால், தட்டியவரை டெவலப்பர் என்று கைப்பேசி தானே அங்கீகரித்துவிடுகிறது. குருவும் வேண்டா, பரீட்சையும் வேண்டா. ஷியோமி நிறுவனம், இயங்குதளத்தை எழுப்பிவிடும் பூட்லோடர் என்னும் வாயிற்காவலைத் திறந்துகொள்ள விரும்பினோரை 168 மணி நேரம், அதாவது சரியாக ஏழு நாள், காத்திருக்கச் செய்ததுண்டு. ஏழு தட்டலுக்கும் ஏழு நாளுக்கும் ஏழு ஜன்மத்துக்கும் உள்ள சம்பந்தத்தை விரித்துரைக்க ஆவல் மிக உண்டெனினும், பிரமாணம் போதாமையால் விடுக்கிறோம். பூட்லோடர் திறந்த மாத்திரத்தில் படம், கடிதம், குறிப்பு யாவும் அழிக்கப்படுகின்றன. திருடிச் சென்றவன் பூட்டைத் திறந்து உள்ளிருப்பதைப் படித்துவிடலாகாதென்று செய்த ஏற்பாடு அது. நாயனாரும் தம் பழைய உடலைத் தேடிச் சென்றபோது அது வைத்த இடத்தில் இல்லை. பேக்கப் எடுத்து வையாதார் கதியும் அதுவே.

பல உயிர் கண்ட ஓருடலுக்கு உத்தம திருஷ்டாந்தம், தைவான் நாட்டு எச்டிசி நிறுவனம் 2009-இல் வெளியிட்ட எச்டி2 என்னும் கைப்பேசியாம். விண்டோஸ் மொபைல் 6.5 என்னும் உயிரோடு பிறந்த அதற்குள், பிறப்பித்தவர்கள் கனவிலும் கருதாத ஆண்ட்ராய்டு, விண்டோஸ் போன் 7, உபுண்டு, மீகோ, பயர்பாக்ஸ் ஓஎஸ் முதலிய உயிர்களை ஆர்வலர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுத்தி, 2016-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7-ஐயும் விட்டுவைத்தார்களில்லை. அத்தனையும் தாங்கிய அந்த உடலை மெச்சுவதா, அமைதியாக இருக்க விடாத அன்பர்களை மெச்சுவதா என்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை. உயிர்களுக்கும் மரணமுண்டு என்பதற்குச் சயனோஜென்மாட் என்னும் கஸ்டம் ரோம் சாட்சி: 2009-இல் தோன்றிய அது, ஆதரித்த கம்பெனி 2016 டிசம்பரில் கைவிட்டதும், அம்மாதத்திலேயே லினியேஜ் ஓஎஸ் என்று மறுபிறவி எய்திற்று.

எஞ்சியிருப்பது ஒரே சிக்கல். வந்திருப்பவன் தன்னவன் அல்லன் என்பதைச் சாத்தனூரில் கண்டுகொண்டு ஊராரிடம் சென்று முறையிட்டவள் மூலனுடைய மனைவி. கைப்பேசியில் அந்த ஸ்தானம் வங்கிச் செயலியினுடையது. உடல் அதே, எண் அதே, எஜமானரின் கைரேகையும் அதே என்று எத்துணை மன்றாடினும் மசியாமல், அது ‘பிளே இன்டெக்ரிட்டி’ என்னும் வாயிலாகக் கூகிளிடம் சென்று விசாரிக்கிறது. சாத்தனூர்ப் பெரியோர் யோகியின் நிலையை உணர்ந்து அப்பெண்ணைத் தேற்றினார்கள். கூகிளோ பெரும்பாலும் செயலியின் கட்சியையே பேசுகிறது. ஆதலின் இவ்வித்தையில் கரைகண்டோர் சிலர், பணம் அனுப்புவதற்கென்று மாத்திரம், நிறுவனத்தார் வைத்த உயிர் சிறிதும் கலையாத மற்றொரு கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நடமாடுகிறார்கள்.