குரலுக்கு முன்பதிவு கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: சேவைத் தரப் பிரிவு மேலாளர், பெயர் சொல்லாமல் விடப்படும் ஒரு அலைபேசி நிறுவனம்.
பொருள்: ஓடும் காரில் உங்கள் ரவுட்டரை நம்பி நெட் கால் பேசியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.
பார்வை: அட்டைப்பெட்டியில் கண்ட '150 எம்பிபிஎஸ்'.

ஐயா,

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பாதி வாழ்நாளைக் கழிக்கும் விற்பனைப் பிரதிநிதி நான். அலுவலக எண்ணுக்கு வரும் அழைப்புகள், பின்சீட்டில் இருக்கும் என் லேப்டாப்புக்கு உங்கள் கையடக்க ரவுட்டர் வழியே வந்து சேரவேண்டும் என்பது ஏற்பாடு.

பெட்டியில் போட்ட வேகத்தை நான் சந்தேகிக்கவில்லை. சங்கடம் என்னவென்றால், குரலுக்கு அது தேவையே இல்லை. பழைய ஜி.711 முறையில் பேசினாலும் ஒரு திசைக்கு 100 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும். அது கேட்பதெல்லாம் 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம், வரிசை தப்பாமல். நீங்களோ ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு என்னைக் கைமாற்றும் இடத்தில் இரண்டு நொடிப் பேச்சைப் பிடித்துவைத்து, பிறகு நூறு பொட்டலத்தையும் மொத்தமாகக் கொட்டுகிறீர்கள். சினிமா பார்ப்பவருக்கு இது உறைக்காது. பேசுகிறவனுக்கோ, நேரம் தப்பி வந்த சொல் குப்பைதான். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடியைத் தாண்டாமலிருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எழுதிவைத்திருக்கிறது. உங்கள் கண்ணில் படவில்லை போலும். பட்டிருந்தால் அந்த 150-ஐயும் பெட்டியில் அச்சிட்டிருப்பீர்கள்.

சேவை மையத்து அன்பருக்கும் நன்றி. ரவுட்டரை ஒருமுறை 'ஆஃப் பண்ணி ஆன் பண்ண'ச் சொன்னார். செய்தேன். புதிய ஐபி முகவரி கிடைத்தது. பழைய முகவரியில் என்னைத் தேடிய அலுவலக எக்சேஞ்ச், ஆளே இல்லை என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டது. அணைக்காமல் விட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. ஒரே பொது முகவரியை ஊருக்கே பங்கிட்டுத் தருகிறீர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் என் பங்கைச் சாத்திவிடுகிறீர்கள். அதன்பின் உள்ளே வரும் அழைப்புக்கு வழி ஏது?

அதே டவர்தான். ஆனால் உங்கள் சிம்மிலேயே எண்ணை அழுத்திப் பேசினால், திண்டிவனம் தாண்டியும் கணீரென்று கேட்கிறது. அந்த வோல்ட்டி அழைப்பும் பொட்டலம் பொட்டலமாகத்தானே போகிறது? அதற்கு வேகம் உத்தரவாதமான, கியூசிஐ 1 என்னும் முன்பதிவுப் பெட்டி. என் குரலுக்கு வழக்கமாகக் கிடைப்பது கியூசிஐ 9. பூனை வீடியோக்களுக்கு நடுவே ஒற்றைக்காலில் நிற்கும் பொதுப்பெட்டி. 2014 டிசம்பரில் ஏர்டெல் நெட் காலுக்குத் தனிக்கட்டணம் அறிவித்தது; எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. எதற்கு அந்த வீண் பழி? பைசா கேட்காமலே மனிதனைப் பழைய வழிக்குத் திருப்பலாம் என்று நீங்கள் காட்டிவிட்டீர்கள்.

நெட் காலில் நான் தடையின்றிப் பேசி முடித்த ஒரே இடம் விக்கிரவாண்டி டோல்கேட் வரிசை. ஃபாஸ்டாக் வந்தபின் அங்கேயும் அதிக நேரம் நிற்கவிடுவதில்லை. அதற்கு நீங்கள் பொறுப்பல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஒரு தகவல் வேண்டும். உங்கள் விளம்பரத்தில் ஒரு இளைஞர் மலைப்பாதையில் ஜீப்பில் பறந்தபடியே வீடியோ காலில் காதலைச் சொல்கிறார். அந்தப் பெண்ணும் உடனே சிரிக்கிறார். அந்தச் சாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது? தெரிவித்தால் என் வாடிக்கையாளர்களை அங்கே குடியேற்றப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
'ஹலோ… கேக்குதா?'