கிளிமஞ்சாரோ வேட்பாளர்

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ பயணத்துக்கு முன்பணம் கட்டிய மறுநாளே ஒரு மனிதர் வேட்பாளராகிவிடுகிறார். 5,895 மீட்டர் என்ற எண்ணைத் தன் ரத்த வகையைப் போல ஒப்பிக்கிறார். முதுகுப்பை நிறையத் தண்ணீர் பாட்டில்களை அடைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர் காரணம் கேட்க மாட்டாரா என்ற முகத்தோடு குடியிருப்பின் படிகளில் ஏறுகிறார். கேட்டுவிட்டால் இரண்டு மாடி நீளத்துக்குப் பதில் வரும். மொட்டைமாடியைத் தொட்டதும் லிஃப்டில் இறங்கிவிடுகிறார். கோளாறு இந்த லிஃப்டில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி. மச்சாமே பாதையில் போகிறவர்கள் உச்சியைத் தொட்ட அன்றே ஏறத்தாழ 2,800 மீட்டர் இறங்கி ம்வேகா முகாமில் போய்ப் படுக்க வேண்டும். முழங்கால் அன்றைக்குத்தான் வாய் திறக்கும். சுமைப் பயிற்சியும் இதே லட்சணம்தான். மலையில் அவர் முதுகில் இருக்கப்போவது தண்ணீர், மழைக்கோட்டு, கொஞ்சம் தின்பண்டம். மற்றதெல்லாம் உள்ளூர்ச் சுமைதூக்கியின் தலையில் ஏறி, அவருக்கு முன்பே முகாம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்படியானால் உடற்பயிற்சியே வீணா? வீண் இல்லை. நள்ளிரவில் கிளம்பி விடியும்வரை குளிரில் சரளைச் சரிவில் ஏறுவதற்குப் பழகிய கால்கள் வேண்டும். ஆனால் உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் ஆளின் கட்டுமஸ்தைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். அதற்கு உடம்பு பழக நாட்கள் வேண்டும், தண்டால் எடுத்துப் பயனில்லை. 3,000 மீட்டரைத் தாண்டியபின் இரவு தங்குமிடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பது மருத்துவர்களின் பொது விதி. ஐந்து நாள் திட்டங்கள் இந்த விதியைக் கண்டுகொள்வதே இல்லை. நம் வேட்பாளரோ ஷூவுக்கும் ஜாக்கெட்டுக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு, பூங்காக் கட்டணம் நாள்கணக்கில் ஏறுகிறதே என்று எட்டு நாள் லெமோஷோ பாதையைக் கைவிட்டு ஐந்து நாள் மராங்கு பாதையைப் பிடிக்கிறார். விடுப்பும் மிச்சமாம்! எடுத்துச் சொன்னால் கார்ல் எக்லோஃபைச் சாட்சிக்கு இழுக்கிறார்: 2014இல் அவர் இதே மலையை ஏழு மணி நேரத்துக்குள் ஏறி இறங்கவில்லையா? ஏறி இறங்கினார்தான். எக்லோஃப் பிறந்த கீட்டோ நகரமே 2,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அவர் தொழிலும் மலை வழிகாட்டி. வேட்பாளர் பிறந்து வளர்ந்த உயரம் மூன்றாவது மாடி.

மனத் தயாரிப்பு இதைவிட வேடிக்கை. தோல்வியை ஒத்துக்கொள்ளாதே என்று முழங்கும் வீடியோக்களை ஆறு மாதம் பார்த்து, மனத்தை இரும்பாக்கிக்கொண்டு போய் இறங்குகிறார். அங்கே வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. அந்த வழிகாட்டியோ கல்யாண ஊர்வலத்தைவிட மெதுவாக நடத்திச் செல்கிறார். இரும்பு மனத்துக்கு இது பெருத்த அவமானம்; முந்தப் பார்க்கிறது. மாலையில் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டி, தலை வலிக்கிறதா, சாப்பிட முடிந்ததா, தூங்கினீர்களா என்று வழிகாட்டி விசாரிக்கும்போது, மண்டை பிளக்கிற வலியோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறது. நடை தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம், உடனே கீழே இறக்க வேண்டும் என்பது வழிகாட்டிக்குத் தெரியும். ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க அவர் கையில் இருப்பது அந்த விரல் கருவியும் வேட்பாளரின் வாய்மொழியும்தான். எனவே ஊரிலிருக்கும்போதே பழக வேண்டிய மனப்பயிற்சிகள் இரண்டு: வலித்தால் வலிக்கிறது என்று சொல்வது, இறங்கு என்றால் இறங்குவது. வீட்டிலும் அலுவலகத்திலும் இரண்டையும் செய்தறியாதவருக்கு இது படியேறுவதைவிடக் கஷ்டம்.

இவ்வளவு பணம் கட்டிவிட்டுப் பாதியில் திரும்புவது கோழைத்தனம் இல்லையா என்பார். இந்த உச்சியை முதலில் எட்டியவர்களில் ஒருவரான ஹான்ஸ் மேயர், 1887இல் பனி மறித்ததும் திரும்பினார். 1888இல் கடலோரக் கிளர்ச்சியில் சிக்கிச் சிறைப்பட்டார். 1889இல்தான் பூர்ட்ஷெல்லர் என்ற கைதேர்ந்த மலையேறியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு மேலே போய் நின்றார். மேயருக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதும் தொல்லை இல்லையே என்று வேட்பாளர் வாதாடலாம். நியாயம்தான். அதனால்தான் மூன்று நாள் கூடுதலாக இப்போதே கேட்டுவிடச் சொல்கிறேன். மேலாளர் சம்பளத்தில் பிடிப்பேன் என்றால், அந்த ஜாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தாவது.