கறிக்குக் காய்ச்சல் பார்த்த கதை

லீட்ஸ்
டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடியாகக் கழிந்தது. வீடு எரியவில்லை. அதை எதற்கு இவன் தனியாக எழுதுகிறான் என்று யோசிப்பாய். சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவை உனக்குத் தெரியும், வீடியோவில் கை காட்டினாரே, அவர்தான். மகள் தெற்கே எங்கோ இருக்கிறாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு இந்த நாட்டில் ரயில் ஓடாது. மனுஷன் ஒற்றையாக உட்கார்ந்து என்ன சாப்பிடுவார் என்று நினைத்து, மத்தியானம் நம் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டேன். "என்ன சமையல்?" என்றார். எறச்சியும் மரச்சீனிக்கிழங்கும் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. "ரோஸ்ட் பீஃப்" என்றேன். யார்க்‌ஷயர்க்காரரிடம் போய் ரோஸ்ட் பீஃப் செய்து தருகிறேன் என்பது, ஒரு வெள்ளைக்காரன் மார்த்தாண்டத்துக்கு வந்து உனக்கு மீன்குழம்பு வைத்துத் தருகிறேன் என்பது மாதிரி. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கறி வாங்க கிர்க்கேட் மார்க்கெட்டுக்குப் போனேன். நம்ம ஊர்ச் சந்தைக்கு மேலே இரும்பும் கண்ணாடியுமாகக் கூரை போட்டால் எப்படியோ அப்படி. 1884-இல் மைக்கேல் மார்க்ஸ் என்பவர் எதை எடுத்தாலும் ஒரு பென்னி என்று இந்தச் சந்தையில் கடை போட்டார். அதுதான் பிறகு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் ஆனது. கறிக்கடைகளுக்கென்றே உள்ளே ஒரு வரிசை இருக்கிறது. கடைக்காரர், "எத்தனை எலும்பு?" என்றார். "எலும்பு வேண்டாம், கறி போதும்" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற பாட்டி இருமினாள். விலாப் பகுதியை இங்கே கிலோவில் கேட்பதில்லை, எலும்பை எண்ணித்தான் கேட்பார்களாம். இரண்டு பேருக்கு ஓர் எலும்பு கணக்கு. நாங்கள் நாலு பேர், தாத்தாவோடு ஐந்து. மூன்று எலும்பு. அதற்குப் பெயர் ஜாயின்ட். நமக்கு ஜாயின்ட் என்றால் பேங்க் கணக்கு, இல்லாவிட்டால் அம்மாவின் முழங்கால் வலி. இங்கே அது மூன்றரை கிலோ கறி, ஒரே துண்டாக. சரி, வெட்டித் தருவார் என்று நிற்கிறேன். மனுஷன் நூலை எடுத்து எலும்புக்கு எலும்பு இடையில் சுற்றி, இறுக்கி, முடிச்சுப் போட்டு, பூக்கட்டுகிற மாதிரி கட்டிக் கொடுக்கிறார்! விலையை எழுதமாட்டேன். நீ உடனே ரூபாயில் பெருக்குவாய்.

முந்தின நாளே உப்பைத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மேல்புறம் காய்ந்தால்தான் மொறுமொறுப்பாகச் சிவக்கும். அதற்கு இடம் பண்ண தோசை மாவை வெளியே எடுத்தோம். லீட்ஸ் குளிரில் அது வெளியே இருந்தும் புளிக்கவில்லை, அது வேறு கதை. என் வீட்டுக்காரி ஒரு முள்கரண்டியோடு ராத்திரி பத்து மணிக்கு ஃப்ரிட்ஜ் பக்கம் நிற்கிறாள். "நாலு குத்து குத்தி இஞ்சி பூண்டை உள்ளே தள்ளிவிடட்டுமா? பாவம், உப்பும் மிளகும் மட்டும் போட்டு அதை எப்படி விடுவது?" கெஞ்சித்தான் படுக்க அனுப்பினேன்.

காலையில் அம்மா வீடியோவில் வந்தாள். "எத்தனை விசில்?"

"விசில் இல்லம்மா, ஓவன்."

"விசில் இல்லாம பின்ன வெந்தது எப்படித் தெரியும்?"

தெர்மாமீட்டரைக் காட்டினேன். ஊசி மாதிரி, கறியின் நடுவில் குத்திப் பார்ப்பது. "கறிக்குக் காய்ச்சல் பாக்கியாலே?" என்றாள். 50 டிகிரி வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், சும்மா வைத்தாலே உள்ளே இன்னும் நாலைந்து டிகிரி ஏறும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "மக்கா, வேலூர்ல கோடை வெயிலே 42 அடிக்கும்" என்றாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

முதல் இருபது நிமிஷம் 230 டிகிரி, பிறகு 160. அந்த இருபது நிமிஷத்தில்தான் வினை. கொழுப்பு உருகித் தட்டில் சொட்டி, அது புகைந்து, புகை அலாரம் கத்த ஆரம்பித்தது. இவள் நாற்காலியில் ஏறித் துவர்த்தால் விசிறுகிறாள். சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான். எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள். தாத்தா மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்ல வாசனை" என்றார்.

அந்தக் காலத்தில் இந்த வேலையெல்லாம் நெருப்புக்கு முன்னால் கம்பியில் கறியைக் கோத்துச் சுற்றிச் சுற்றித்தான் நடந்ததாம். சுற்றுவதற்கென்றே குட்டைக்கால் நாய் வளர்த்திருக்கிறார்கள்! சுவரில் மாட்டிய சக்கரத்துக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும், கறி திரும்பிக்கொண்டே இருக்கும். அந்த ஜாதி இப்போது கிடையாது. பாடம் பண்ணிய ஒன்றை வேல்ஸில் அபெர்கவென்னி மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

கறியை எடுத்து முக்கால் மணி நேரம் ஆற வைத்தோம். அந்த நேரத்தில் காலியான ஓவனில் யார்க்‌ஷயர் புட்டிங். புட்டிங் என்றதும் இனிப்பு என்று நினைக்காதே. முட்டை, பால், மைதா மூன்றும் சம அளவு. கறியிலிருந்து வடிந்த கொழுப்பைக் குழித்தட்டில் புகைய விட்டு அதில் மாவை ஊற்றினால் குழிப்பணியாரத்துக்குப் பேய் பிடித்தது மாதிரி எழும்பும். நடுவில் கதவைத் திறந்தால் செத்தது. நாலு அங்குல உயரம் இல்லாதது யார்க்‌ஷயர் புட்டிங்கே அல்ல என்று 2008-இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அறிவித்தது. விளையாட்டில்லை, வேதியியல் சங்கம்தான். மூத்தவள் பள்ளிக்கூட ஸ்கேலோடு வந்து அளந்தாள். மூன்று. தாத்தா அதைப் பார்க்காதது மாதிரி இருந்தார். பெரிய மனுஷன்.

அந்தப் புட்டிங்கைக் கிரேவி ஊற்றி முதலிலேயே பரிமாறுவதுதான் இங்கே பழைய வழக்கம் என்றார். வயிறு நிறைந்துவிட்டால் கறி குறைவாகப் போகும். நம் கல்யாணப் பந்தியில் சாம்பாரை வாளியோடு கொண்டுவந்து சாய்ப்பார்களே, அதே தந்திரம்தான்.

பிறகு கத்தியை வைத்தேன். ஓரம் கறுப்பு, அதற்கு உள்ளே பழுப்பு, நடுவில் ரோஜா நிறம். பலகையில் சிவப்பாகத் தண்ணீர் வடிந்தது. அது ரத்தமில்லை, தசையில் இருக்கிற மயோகுளோபின், முழுத் துண்டாக வேகிற கறியில் கிருமி மேல்புறத்தில்தான் இருக்கும், அது வெந்தால் போதும் என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். ஒருவர் காதிலும் விழவில்லை. எல்லார் கண்ணும் இரண்டு ஓரத்துண்டுகள் மேல். நன்றாக வெந்தது அந்த இரண்டுதான். ஒன்றை இவள் "எனக்கு" என்று எடுத்துவிட்டாள். இன்னொன்றை நான் மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன்.

தாத்தாவுக்கு நடுவிலிருந்து நல்ல ரோஜாத் துண்டாக இரண்டு வைத்தேன். விருந்தாளி அல்லவா. அவர் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "தப்பா நினைக்காதே. எங்க அம்மா காலத்தில் இது நடுவரைக்கும் பழுப்பாத்தான் இருக்கும். இந்தச் சிவப்பெல்லாம் பின்னாடி வந்தது. அந்த ஓரத்துண்டு யாருக்காவது வேணுமா?"

யாருக்கும் வேண்டாம் என்றேன்.

அவர் தட்டிலிருந்து திரும்பி வந்த அந்த ரோஜாத் துண்டு என் தட்டுக்கு வந்தது. ஹார்ஸ்ராடிஷ் என்று ஒரு வெள்ளைத் துவையல், கடுகு மாதிரி மூக்கில் ஏறும், அதை அப்பிக்கொண்டு கண்ணை மூடி விழுங்கலாம் என்று வாயில் வைத்தேன். அக்கா, வெண்ணெய் மாதிரி இருந்தது. இரண்டாவதும் தின்றேன். மூன்றாவதைப் பிள்ளைகள் பார்க்காதபோது சமையலறையில் நின்று தின்றேன்.

அம்மாவிடம் ஆறு விசில் விட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லிவை.

அன்புள்ள
தம்பி