கான்கிரீட் கோட்டையும் ஒரு கோடு சிக்னலும்

வீடு கட்டுகிறவர்கள் எல்லாத் திசையும் பார்க்கிறார்கள். சமையலறை அக்னி மூலையில், பூஜையறை ஈசானியத்தில், கழிவறை எங்கே வைத்தாலும் கிரகப்பிரவேசத்தன்று ஏதாவது ஒரு மாமா வந்து உதட்டைப் பிதுக்குகிற இடத்தில். ஆனால் செல்போன் டவர் எந்தத் திசையில் நிற்கிறது என்று விசாரித்துவிட்டு வாசற்கால் வைத்த ஒரு ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் விசாரிக்கவில்லை. மேடவாக்கத்தைத் தாண்டி மனை வாங்கியபோது என் கவலையெல்லாம் கம்பியைப் பற்றித்தான். மேஸ்திரி பத்து எம்எம் போதும் என்றால் நான் பன்னிரண்டு கேட்டேன். அவர் ஒரு சாண் இடைவெளி என்றால் நான் அரைச் சாண் என்றேன். "சார், வீடு கட்டுறோமா, பேங்க் லாக்கர் கட்டுறோமா?" என்று அவர் ஒருநாள் கேட்டார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

போதாக்குறைக்கு மேற்குப் பக்கம் வெயில் அடிக்கிறது என்று ஜன்னல்களுக்கு விசேஷக் கண்ணாடி. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு ஒன்று உண்டு, வெப்பத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் என்று கடைக்காரர் விளக்கினார். அனுப்பியது. வெப்பத்தோடு சேர்த்து ரேடியோ அலையையும் அனுப்பிவிட்டது. கம்பிக் கூடு போட்ட சுவர், உலோகம் பூசிய ஜன்னல் என்று கடன் வாங்கி நான் எழுப்பிய மாளிகைக்குள், பல வருஷம் பழக்கமான என் சொந்த நம்பருக்கே அனுமதி இல்லாமல் போயிற்று.

வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடங்கள் விரைவில் பட்டா போடப்பட்டுவிட்டன. சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு கோடு வரும். அது என் மனைவியினுடையது. மாடிப்படியின் திருப்பத்தில் இரண்டு கோடு. அங்கே மகள் உட்கார்ந்திருப்பாள், யாரும் ஏறவோ இறங்கவோ முடியாது. குடும்பத் தலைவனுக்கு ஒதுக்கப்பட்டது மொட்டை மாடியில் சின்டெக்ஸ் தொட்டியின் அடிப்பக்கம். பேங்கில் இருந்து ஓடிபி வரவேண்டுமென்றால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஓட வேண்டும். எண்ணை வாய்க்குள் முணுமுணுத்தபடி கீழே வந்து கம்ப்யூட்டரில் போடுவதற்குள் நேரம் முடிந்திருக்கும்.

இந்தக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தனை வலிமைக்கு இத்தனை கோடு என்று உலகத்துக்குப் பொதுவான கணக்கு எதுவும் கிடையாது. போன் தயாரிப்பவர் மனசு வைத்ததுதான். 2010-இல் ஐபோன் 4 வந்தபோது, கையில் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று ஊரே கூச்சல் போட்டது. தங்கள் கணக்கே தவறு, பல சமயம் இருக்கவேண்டியதைவிட இரண்டு கோடு அதிகமாகக் காட்டிவந்திருக்கிறோம் என்று ஆப்பிள் கம்பெனி அறிக்கை விட்டது. ஆகவே கோட்டை நம்பாமல் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, செட்டிங்ஸில் சிம் நிலவரம் என்கிற பகுதியைத் தோண்டி எடுத்தேன். மாடியில் 82 என்று காட்டியது. பூஜையறையில் 112.

"பூஜையறையிலதான் சிக்னல் ஜாஸ்தி, சாமி சக்தி!" என்று வீடு முழுக்க அறிவித்தேன். எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருப்பதை மகள் சுட்டிக் காட்டினாள். கழித்தல் குறி. டெசிபல் கணக்கில் மூன்று குறைந்தால் சக்தி பாதி, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மாடியில் இருப்பதில் ஆயிரத்தில் ஒன்றுதான் சாமிக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

முதல் வைத்தியம் கம்பெனி மாற்றம். 'போர்ட்' என்று நம்பரோடு 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும், எண் மாறாமல் கம்பெனி மாறலாம். 2011-இலிருந்து நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. அந்த எஸ்எம்எஸ் போவதற்கும் மாடிக்குத்தான் ஏற வேண்டியிருந்தது, அது வேறு விஷயம். மாறினேன். ஒரு கோடு வந்த இடத்தில் ஒரு கோடுதான் வந்தது. பிறகு தெரிந்த செய்தி: ஒரே கோபுரத்தில் பல கம்பெனிகள் வாடகைக்கு ஆன்டெனா மாட்டியிருக்கும். நான் கம்பெனியை மாற்றினேனே தவிர, கோபுரம் மாறவில்லை, என் சுவரும் மாறவில்லை. மறுபடி மாற வேண்டுமென்றால் 90 நாள் பொறுக்க வேண்டும் என்பது விதி.

அந்தத் தொண்ணூறு நாள் காவலில் இருக்கும்போதுதான் டல்லாஸிலிருந்து மச்சினன் வந்தான், கையில் ஒரு போனோடு. "அத்திம்பேர், இது பழசுதான், ஆனா அங்க இதுதான் டாப்." ஒரு மகாராஜா தன் பழைய குதிரையைத் தானம் கொடுக்கிற தோரணை. வாங்கிக்கொண்டேன். முதலில் நம் சிம்மை அது ஏற்கவில்லை. அங்கே தவணையில் போன் விற்கும் கம்பெனிகள் தங்கள் சிம் தவிர வேறெதுவும் வேலை செய்யாதபடி பூட்டுப் போட்டுத் தருமாம். பாக்கிப் பணத்தைக் கட்டினால்தான் திறப்பார்கள். மச்சினன் ஊருக்குத் திரும்பிப் போய்க் கட்டும்வரை அந்த போனில் மணி பார்த்தேன். (சிம் செருகத் தட்டாவது இருந்ததே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பவற்றில் அந்தத் தட்டே கிடையாது.)

பூட்டு திறந்தது. சிம்மும் ஏறியது. மாடியில் படம் ஓடியது, வாட்ஸப் வந்தது. ஆனால் யாராவது கூப்பிட்டால் மட்டும் 4ஜி மறைந்து, அருங்காட்சியகத்திலிருந்து எடுத்துவந்த மாதிரி 'ஈ' என்று ஒரு எழுத்து வந்து நிற்கும். பேசி முடிக்கும்வரை இன்டர்நெட் செத்துப்போகும். சமையலறை ஓரத்தில் மனைவியின் போனுக்கு வந்த ஒரு கோடுகூட இதற்கு வரவில்லை.

இந்த மர்மத்தை அவிழ்த்தவர் எதிர்வீட்டு சார். தொலைபேசித் துறையில் ஜே.டி.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் பதில் சொல்வார். அமெரிக்காவின் 4ஜி பெரும்பாலும் 700, 1700, 1900 மெகாஹெர்ட்ஸ் என்று ஓடுகிறது. நம் ஊரில் 850, 900, 1800, 2100, 2300. அங்குள்ள கம்பெனிக்காகச் செய்த போன்கள் சிலவற்றில் நம்முடைய 900-மும் 2300-மும் இருக்காது. அலைவரிசை குறையக் குறையச் சுவரைத் துளைக்கும் தெம்பு கூடும் என்பதால், 900 கேட்காத போன் என் வீட்டுக்குள் வெறும் கல். சரி, மாடியில் ஏன் 'ஈ'? "4ஜியிலயே பேசறதுக்கு வோல்ட்டீன்னு பேரு. அலைவரிசை பொருந்தினா மட்டும் பத்தாது. இந்த மாடலுக்கு இந்தக் கம்பெனின்னு போனோட சாஃப்ட்வேர்ல எழுதியிருக்கணும். உங்க போனுக்கு நம்ம ஊர் கம்பெனி எதையும் தெரியாது. அதான் 2ஜிக்கு இறங்கிடுது." 2ஜியே இல்லாத கம்பெனியின் சிம்மாக இருந்திருந்தால் பேச்சே கிடையாது, இறங்குவதற்குப் படி இல்லை என்றும் சொன்னார்.

இத்தனை கேட்ட பிறகாவது மனுஷன் அடங்குவான். நான் மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

அங்கே ஒரு கடையில் பூஸ்டர் என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்கள். மாடியில் ஒரு ஆன்டெனா, நடுவில் பெட்டி, ஹாலில் ஒரு குட்டி ஆன்டெனா. மேலே இருக்கிற சிக்னலைப் பிடித்து, பெருக்கி, கீழே தெளிக்கும். "அஞ்சு கோடும் ஃபுல்லா நிக்கும் சார்" என்றார் பையன். பில் உண்டா என்று கேட்டதற்கு அவர் சிரித்த விதம் கொஞ்சம் உதைத்தது. அட்வான்ஸ் கொடுக்காமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வந்து எதிர்வீட்டு சாரிடம் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். "இத மாட்டினீங்கன்னா முதல் கம்ப்ளெய்ன்ட் நான்தான் கொடுப்பேன்."

பூஸ்டர் உள்ளே தெளிப்பதோடு நிற்பதில்லை, நம் போன் பேசுவதைப் பெருக்கிக் கோபுரத்துக்கும் அனுப்புகிறது. மலிவான பெட்டி, பேச்சோடு தன் சொந்த இரைச்சலையும் சேர்த்து இருபத்துநாலு மணி நேரமும் கோபுரத்தின் காதில் ஊதிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் தெருவில் உள்ள மற்ற போன்கள் சொல்வது கோபுரத்துக்குக் கேட்காது. மேல் ஆன்டெனாவும் கீழ் ஆன்டெனாவும் போதிய தூரத்தில் இல்லாவிட்டால் இன்னும் விசேஷம்: கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'வீல்' என்று அலறுமே, அதே அலறல்தான், நம் காதுக்குக் கேட்காது, அவ்வளவே. டெலிகாம் ஆட்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வந்து எந்த மாடி அலறுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அனுமதியில்லாமல் இப்படி ஒன்றை வைத்திருப்பதே குற்றம், 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டத்திலிருந்து 2023-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம்வரை எதிலும் மாற்றமில்லை என்றார். அமெரிக்காவில் வீட்டில் மாட்டலாமே என்று மச்சினன் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். மாட்டலாம், 2013-இல் அதற்கு விதியே போட்டிருக்கிறார்கள், ஆனால் அரசு தரம் பார்த்த பெட்டியாக இருக்க வேண்டும், போன் கம்பெனியிடம் பதிவும் செய்ய வேண்டும். இங்கே கம்பெனிதான் மாட்ட முடியும்.

"அதுக்கு என்ன சார் பண்றது? பக்கத்துல ஒரு டவர் இருந்தா இந்தப் பாடே வேணாம்" என்றேன் அலுப்போடு.

சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வைக்குக் காரணம் உண்டு. மூன்றாவது வீட்டு மாடியில் டவர் வைக்க ஒரு கம்பெனி வந்தபோது, கதிர்வீச்சு, குழந்தைகள், சிட்டுக்குருவிகள் என்று எழுதி நலச்சங்கம் சார்பில் ஒரு மனு போயிற்று. உருக்கமான மனு. நடை நன்றாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள், சிட்டுக்குருவிப் பத்திக்கு என்னைத் தனியாகப் பாராட்டினார்கள். கம்பெனி பயந்து போய்விட்டது.

"2012 செப்டம்பர்லேர்ந்து நம்ம நாட்டுல டவருக்கு வெச்சிருக்கிற வரம்பு, உலகத்துல சொல்ற வரம்புல பத்துல ஒண்ணு" என்றார் சார், கண்ணாடியைத் துடைத்தபடி. "டவர் தூரமா போனா என்ன ஆகும் தெரியுமா? உங்க போன் கத்த ஆரம்பிக்கும். பக்கத்துல இருந்தா முணுமுணுத்தா போதும். தூரத்துக்கு முழு மூச்சுல கத்தணும். 4ஜின்னா 0.2 வாட்வரைக்கும். 2ஜியில 900-ல 2 வாட்வரைக்கும். அதுவும் எங்க வெச்சுக்கிட்டு? காதுல." அதனால்தான் மத்தியானத்துக்குள் பேட்டரியும் தீர்ந்துவிடுகிறது என்று உபரித் தகவலும் தந்தார். மனுவின் நடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவி பூஜையறையில் உட்கார்ந்து தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். மைனஸ் 112 ஆளும் பூமியில், கணீரென்று. என்ன மந்திரம் என்று கேட்டேன். மகள் சொன்னாள்: "வைஃபை காலிங்ப்பா. டவரே வேணாம், கால் நம்ம ரௌட்டர் வழியா போகும், நம்பரும் அதேதான். அம்மா போன்ல நான் எப்பவோ ஆன் பண்ணிட்டேன்." இந்த வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிவிட்டன, தனிக் கட்டணம்கூட இல்லை. செட்டிங்ஸில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். "எங்கிட்ட ஏன் சொல்லல?" "நீங்கதான் டெக்னிக்கலா ஏதோ பண்ணிட்டிருந்தீங்களே, டிஸ்டர்ப் பண்ண வேணாம்னு அம்மா சொன்னாங்க."

டல்லாஸ் குதிரையில் அந்தப் பொத்தானைத் தேடினேன். இல்லை. நம் கம்பெனியைத் தெரியாத போனுக்கு அதன் வைஃபை காலிங்கை மட்டும் எப்படித் தெரியும்? அது இப்போது அலாரமாக உத்தியோகம் பார்க்கிறது. அலமாரியில் கிடந்த என் பழைய போனைத் தூசி தட்டி, சிம்மைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். கட்டிலில் படுத்துக்கொண்டே ஓடிபி வாங்கினேன். ஐந்து நிமிஷத்துக்குள் எனக்கே தெரியாத எண்களிலிருந்துகூட லோன் வேண்டுமா என்று அன்பாகக் கேட்டார்கள்.

அன்று ராத்திரி கரன்ட் போயிற்று. கரன்ட் போனால் ரௌட்டர் போகும், ரௌட்டர் போனால் வைஃபை போகும், வைஃபை போனால் நான் பழையபடி சின்டெக்ஸ் தொட்டிக்குப் போக வேண்டும். ரௌட்டருக்கென்று ஒரு குட்டி யூபிஎஸ் வாங்கி வைத்தேன். அடுத்த மின்வெட்டில் ரௌட்டர் ஜம்மென்று எரிந்தது. ஆனால் இன்டர்நெட் விளக்கு சிவப்பு, ஏனென்றால் தெருமுனைக் கம்பத்தில் தொங்கும் கேபிள்காரர் பெட்டிக்கு யூபிஎஸ் இல்லை. "அந்தக் காலத்து லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்ச்லேர்ந்தே 48 வோல்ட் வரும். ஊரே இருட்டானாலும் டயல் டோன் வரும்" என்று எதிர்மாடியிலிருந்து இருட்டில் குரல் கேட்டது.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் போட்டேன், 94987 94987. தொட்டிக்கடியில் குனிந்து நின்றதில் லைன் தெளிவாகவே கிடைத்தது. எடுத்த பெண் மின் இணைப்பு எண்ணைக் கேட்டாள். அது கீழே, மீட்டர் அட்டையில். இறங்கினால் கால் கட்டாகும். படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டி, "ஈபி கார்டு நம்பரைச் சொல்லு!" என்று கத்தினேன். கீழே சமையலறையிலிருந்து, இரண்டு தளத்து கான்கிரீட்டையும் பன்னிரண்டு எம்எம் கம்பியையும் தாண்டி, என் மனைவி ஒவ்வொரு இலக்கமாக வாசித்தாள். நான் அதைப் போனில் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீங்க சொல்ல வேணாம் சார்," என்றாள் மின்னகத்துப் பெண். "அவங்க சொன்னது கேட்டுச்சு, எழுதிக்கிட்டேன்."