ஹலோ… கேக்குதுங்களா?

நல்லம்பள்ளியில் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கும், அந்த ஆபீசில் போன் எடுக்கும் வேலை தலையில் விழுந்தவர்களுக்கும் இந்த வழிகாட்டி. தேசிய நெடுஞ்சாலை 44-ல் தொப்பூர் கணவாய்க்குப் போகிற லாரிகள் ஹாரனை விடுவதில்லை. வாரச்சந்தை அன்று ஆடுகளும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் நடுவில் எதிர்முனை பேசுவது விளங்கவில்லை என்றால் ஜன்னலை மட்டும் சாத்திவிடாதீர்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துபோகிற அபாயம் உண்டு.

முதலில் கத்துங்கள். அவர் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்றால் நாம் கத்துவதுதான் முறை. அவரும் பதிலுக்குக் கத்துவார். விஷயம் எதிர்த்த டீக்கடைக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே போய் விசாரித்துக்கொள்ளலாம்.

பிறகு ரிசீவரை மேசை ஓரத்தில் ரெண்டு தட்டு தட்டுங்கள். இதை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். பழைய கறுப்பு போனின் வாய்ப்பகுதியில் கரித்துகள் இருந்தது. குரல் பட்டு அது அழுந்தித் தளரும்போது மின்னோட்டம் கூடிக் குறையும். அதுதான் பேச்சாகப் போய்ச் சேர்ந்தது. நாள்பட்டால் துகள் இறுகிக் குரல் மங்கிவிடும். தட்டினால் இளகும். ஆகவே தாத்தா தட்டியதில் நியாயம் இருந்தது. இன்றைய போனில் கரி இல்லை, நமக்குக் கை மட்டும் மிச்சம். விடாமல் தட்டினால் சுருள் வயர் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, அதுவரை இல்லாத கோளாறு ஒன்று நிஜமாகவே வந்து சேரும். இனி தைரியமாகப் புகார் கொடுக்கலாம்.

மழை பெய்த மறுநாள் கரகரவென்று இரைகிறதா? செம்புக் கம்பி லைனாக இருந்தால், எங்கோ ஒரு ஜாயிண்டில் ஈரம் இறங்கியிருக்கும். வெளியிலா உள்ளேயா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கட்டடத்துக்குள் லைன் நுழைகிற முதல் பெட்டியில் உள் வயரையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரு சாதாரண போனை நேராக மாட்டி டயல் டோனைக் கேளுங்கள். இரைச்சல் இருந்தால் கோளாறு வெளியே, இல்லாவிட்டால் நம் வயரிங்கில். பத்து நிமிஷ வேலை என்பதால் இதை யாரும் செய்வதில்லை. எலக்ட்ரீஷியன் வந்து மேலே பார்த்து, “வயரே மாத்தணும்ங்க” என்று சொன்னால்தான் மனசு ஆறும்.

இன்டர்நெட்டில் ஓடுகிற போனாக இருந்தால் கௌரவம் கூடுதல். குரல் துண்டு துண்டாக வந்தால் கம்ப்யூட்டர் பையன் யோசிக்காமல் சொல்வார்: “ஸ்பீடு பத்தலைங்க சார், பெரிய பிளானுக்குப் போயிரலாம்.” 1972-ல் வகுத்த ஜி.711 முறையில் குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து 64 கிலோபிட்டாக அனுப்புகிறார்கள். உறை, முகவரி எல்லாம் சேர்த்தாலும் ஒரு அழைப்புக்கு ஒரு பக்கம் 100 கிலோபிட் தாண்டாது. வேகம் அல்ல, சீர்தான் முக்கியம். குரலைச் சுமந்து விநாடிக்கு 50 பொட்டலம், ஒவ்வொன்றும் 20 மில்லி விநாடி இடைவெளியில் வந்தாக வேண்டும். தர்மபுரி பஸ் மாதிரி வெகுநேரம் காணாமல் போய் மூன்று சேர்ந்து வந்தால், பிந்தியதைப் போன் தூக்கி எறிந்துவிடும். “நாளைக்கு… வேண்டாம்” என்று நம் காதில் விழுந்ததற்கு நடுவில் “வராம இருக்க” என்பது தொலைந்துபோயிருக்கும்.

நம் குரல் எதிர்முனைக்கு எப்போது துண்டாகிறது என்று கவனித்தால் காரணம் பிடிபடும். ஆபீசில் மாட்டிய எட்டு கண்காணிப்பு கேமராவும் போன் இருக்கிற அதே சுவிட்சில்தான் இருக்கின்றன. மேனேஜர் வீட்டில் உட்கார்ந்து செல்லில் ஆபீசைப் பார்க்கிறார்; படம் மேலேறுகிற வழியெல்லாம் அடைத்துக்கொள்கிறது. ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் போதும். ஆனால் மேனேஜரிடம் “நீங்க பாக்கறதாலதான் சார்” என்று யார் சொல்வது? பெரிய பிளானே எடுத்துவிடுங்கள்.

நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் ரூட்டர் முகவரி மாற்றுவதில் செய்த குளறுபடி. சிப் ஏஎல்ஜி என்றொரு வசதி, உதவுகிறேன் என்று கெடுத்துக்கொண்டிருக்கும், அணைத்துப் பாருங்கள். மேலதிகாரியின் போனில் மட்டும் கை வைக்காதீர்கள். அவருக்கு இதில் குறையே தெரிந்திருக்காது.

நம் குரல் நமக்கே எதிரொலித்தால் குற்றம் அநேகமாக எதிர்முனையில். அவர்கள் ஸ்பீக்கரில் போட்ட நம் குரலை அவர்களுடைய மைக்கே பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. அடுத்தவர் மேல் பழி போட்டு, அது உண்மையாகவும் இருக்கிற வாய்ப்பு ஆபீசில் அடிக்கடி கிடைக்காது. நழுவ விடாதீர்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்துவிடத் துடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “சரியாக் கேக்கலைங்க சார், லைன் விட்டு விட்டு வருது” என்ற வாக்கியம் எத்தனையோ வேலையைக் காப்பாற்றியிருக்கிறது. தெளிவான லைனில் அதைச் சொல்ல முடியாது. மாதக் கடைசியில் தலைமை ஆபீஸ் வசூல் கணக்குக் கேட்டுக் கூப்பிடுகிற நேரம் பார்த்து மேனேஜருக்கு ஒரு மெசேஜ் தட்டுங்கள்: “சார், கேமராவைக் கொஞ்சம் பாருங்க.”