பெருமாளுக்கும் கஷாயம்

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார், எப்போது கேட்டாலும் ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்கிறார். முகமோ வாடிக்கிடக்கிறது. என்ன செய்ய?
(வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: உங்கள் ஊர் ரங்கநாதரும் வாய் திறக்கவில்லையே! முகவாட்டத்தைப் பார்த்தே, தயிர்சாதத்தோடு நாவல்பழம் சேர்ந்ததால் வந்த உபாதை என்று ராமானுஜர் கண்டுகொண்டு கஷாயத்துக்கு ஏற்பாடு செய்தாராம். அங்கே மருத்துவக் கடவுளான தன்வந்திரிக்குச் சந்நிதியே உண்டு. கோயிலில் ஆரோக்கியசாலை இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. நீங்களும் முகத்தையே கேளுங்கள்; உடம்பையும் பாருங்கள். முதுகு, இடுப்பு, குதிகாலில் தோல் சிவந்தோ கறுத்தோ இருந்தால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வலி தணிக்கும் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ராத்திரிக் காவலைக் கணவரோடு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அவருடைய அம்மாதானே!