விசையில் விரல் வைக்குமுன்: மாமா பதில்கள்

போன இதழில் அஷானி பிஸ்டல் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். நகரியிலிருந்து ரேணிகுண்டா வரை கடிதம் போட்டுவிட்டீர்கள். இந்த வாரம் முழுக்க அதுவே.

மாமா, குறைந்த விலையில் நல்ல பிஸ்டல் எது?
மாந்தோப்புக்காரர், விஜயபுரம்

லைசென்ஸ் உள்ள சாமானியனுக்குக் கைக்கெட்டும் பிஸ்டல் என்றால் பேச்சு அஷானியில்தான் வந்து நிற்கும். .32 ரகம், வங்காளத்து அரசு ஆயுதத் தொழிற்சாலைச் சரக்கு. ஆனால் ‘குறைந்த விலை’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லட்சத்தை ஒட்டி நிற்கிற சாமான் அது. பக்கத்தில் நிற்பவன் நெட்டை என்பதால் இவன் குட்டையாகத் தெரிகிறான்.

அந்த நெட்டை யார்?
அதே மாந்தோப்புக்காரர்

வெளிநாட்டு பிஸ்டல். பொதுஜனத்துக்கான இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதற்கு முன் வந்து இறங்கியவைதான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கிழடாக ஆக விலை ஏறுவது நிலத்துக்கும் வால்தர் பிஸ்டலுக்கும்தான்.

வரி எவ்வளவு?
விசைத்தறி முதலாளி, நகரி

2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜி.எஸ்.டி. கேசினோ, குதிரைப் பந்தயம், உல்லாசப் படகு எல்லாம் இருக்கும் அதே படியில் பிஸ்டலையும் உட்கார வைத்திருக்கிறார்கள். இது அத்தியாவசியம் இல்லை என்று அரசாங்கமே சொல்லியாயிற்று. உங்கள் வீட்டுக்காரம்மாவும் அதைத்தானே சொல்கிறார்?

அஷானி வைத்திருப்பவர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள்? கடைக்காரர் பேச்சு வேண்டாம்.
ஒப்பந்ததாரர், புத்தூர்

மூன்று கட்சி. முதல் கட்சி: ‘வேலைப்பாடு முரடு, விசை கனம், ஓரம் கையைக் கீறுகிறது.’ இரண்டாம் கட்சி: ‘அரை டப்பா தோட்டா சுட்டு, துடைத்து, எண்ணெய் போட்ட பிறகு பழகிவிட்டது. உதை குறைவு, கைக்கு அடங்குகிறது, சொன்ன இடத்தில் அடிக்கிறது.’

மூன்றாம் கட்சிதான் பெரிது. வாங்கிய நாள் முதல் பீரோவில் வைத்துவிட்டு, ‘அருமையான பிஸ்டல், ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை’ என்பார்கள். சுடாத துப்பாக்கி எப்படி மக்கர் பண்ணும்?

கேட்பதென்றால் இரண்டாம் கட்சியைக் கேளுங்கள்.

என் .32 பிஸ்டல் மூன்றாவது தோட்டாவில் சிக்கிக்கொள்கிறது. பிஸ்டல் குறையா, தோட்டா குறையா?
ஓய்வுபெற்ற ஹவில்தார், கார்வேட்டிநகரம்

ஹவில்தாரே, மூன்றாவதாக ஒரு சந்தேகம் இருக்கிறது: நிரப்பிய கை. .32 ஆட்டோ தோட்டாவின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு உடம்பைவிட ஒரு மயிரிழை வெளியே துருத்தி நிற்கும். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய் உட்கார்ந்தால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். தள்ளுகிற ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் நகராது.

ஒவ்வொரு தோட்டாவாகப் பின்சுவரோடு ஒட்டி அமுக்கி, அடுத்ததை முன்னாலிருந்து சறுக்கிப் போடுங்கள். அப்படியும் சிக்கினால் மேகசினின் உதடு வளைந்திருக்கிறதா பாருங்கள். அதற்கும் பிறகு தோட்டாவின் வயதைக் கேளுங்கள். பிஸ்டலைத் திட்டுவது கடைசியில்.

வீட்டில் அரம் எடுத்து ராவ வேண்டாம். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் பழுது பார்ப்பவர் இருப்பார்.

சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தாலும் சிக்குமாமே?
கல்லூரி மாணவர், திருப்பதி

சிக்கும். ஸ்லைடு பின்னால் ஓட வேண்டுமென்றால் பிடி அசையாமல் நிற்க வேண்டும். கையும் சேர்ந்து பின்னால் போனால் ஸ்லைடு பாதி ஓட்டத்தில் நின்றுவிடும், காலித் தோட்டா வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். அது சரி, 21 வயது ஆகிவிட்டதா? அதற்குக் கீழே லைசென்ஸ் கிடையாது. முதலில் செமஸ்டரில் சிக்காமல் வெளியே வாருங்கள்.

அஷானி ‘ஆட்டோமேட்டிக்’ என்கிறார்கள். தொடர்ந்து சுடுமா?
பேருந்து நடத்துநர், நாகலாபுரம்

இல்லை. ஒரு அமுக்கு, ஒரு தோட்டா. அடுத்தது தானாக ஏறி நிற்கும், அவ்வளவே. விசையை விடும்வரை பொழிகிற ரகம் தடை செய்யப்பட்டது. வைத்திருந்தால் 7 முதல் 14 வருடம். அங்கே சாப்பாடு இலவசம்.

9 மில்லிமீட்டர் வாங்க முடியாதா?
பெயர் வேண்டாம், சித்தூர்

9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம். போலீஸ் வேலைக்குப் போனால் கொடுப்பார்கள். சம்பளமும் கொடுப்பார்கள்.

ரிவால்வரா, பிஸ்டலா? எனக்கு 63 வயது, விரல் மூட்டு வலி.
முன்னாள் தலைமை ஆசிரியர், நகரி

ஐயா, உங்களுக்கு ரிவால்வர். .32 பிஸ்டல்களில் பெரும்பாலும் பூட்டு அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் முறைப்புமே வெடிப்பைத் தாங்குகின்றன. அதனால் ஸ்பிரிங் விறைப்பு. முதல் தோட்டாவை ஏற்ற ஸ்லைடை இழுப்பதற்குள் உங்கள் விரல் கெஞ்சும். கான்பூர் .32 ரிவால்வர் பழைய வெப்ளி வழியில் வந்தது. நடுவில் மடக்கித் திறந்தால் ஆறு அறையும் கண்ணுக்கு நேராகத் தெரியும். இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகமே வராது.

அந்தச் சந்தேகம் பிஸ்டலில் உயிரை வாங்கும். எப்படி என்று அடுத்த பதிலில்.

மேகசினைக் கழற்றிவிட்டால் பிஸ்டல் காலிதானே?
மருந்துக் கடைக்காரர், விஜயபுரம்

இல்லை, இல்லை, இல்லை. இந்த வாரம் நீங்கள் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். மேகசின் வெளியே வந்தாலும் குழாயின் பின்அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். ‘காலிதான்’ என்று சொல்லிக்கொண்டே விசையை அமுக்கியவர்களால்தான் வீட்டுக்குள் சாவு விழுகிறது.

முறை இது. பிஸ்டலின் வாயைத் தரைப்பக்கம் காட்டுங்கள். விரல் விசைக்கு வெளியே. முதலில் மேகசினை உருவுங்கள். பிறகு ஸ்லைடை முழுசாக இழுங்கள், உள்ளே இருந்தால் துள்ளி வெளியே விழும். இழுத்தபடியே அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரல் நுனியால் தொட்டும் பாருங்கள். வரிசை மாறி ஸ்லைடை முதலில் இழுத்தால், ஒன்றை வெளியே தள்ளிவிட்டு மேகசினிலிருந்து இன்னொன்றை நீங்களே உள்ளே ஏற்றியிருப்பீர்கள்.

தேங்காய் எண்ணெய் போடலாமா?
விவசாயி, பிச்சாட்டூர்

தலைக்குப் போடலாம். மார்கழிக் குளிரில் அது உறைந்து, தூசியோடு சேர்ந்து பிசினாகும். துப்பாக்கிக்கென்றே எண்ணெய் விற்கிறார்கள். இரண்டு சொட்டு விட்டு, ஒன்றரைச் சொட்டைத் துடைத்துவிடுங்கள்.

நல்ல தோல் உறை வாங்கி அதிலேயே வைத்திருக்கிறேன். சரிதானே?
பெட்ரோல் பங்க் உரிமையாளர், நகரி

இடுப்புக்குச் சரி, பீரோவுக்குத் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்தால் பிஸ்டலில் உறையின் தையல்கூடத் துருவாகப் பதிந்திருக்கும்.

துப்பாக்கி செய்வதும் தோட்டா செய்வதும் ஒரே கம்பெனியா?
வரலாற்று ஆர்வலர், சத்தியவேடு

முன்பு ஒரே வாரியம். 2021 அக்டோபர் 1இல் அதை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். துப்பாக்கிக் கம்பெனிக்குத் தலைமையகம் கான்பூர், நம் திருச்சி தொழிற்சாலையும் அதில்தான் சேர்த்தி. தோட்டாக் கம்பெனிக்குத் தலைமையகம் புணே. அரசாங்கமே இரண்டையும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வைத்திருக்கிறது. நீங்கள் வீட்டில் தனித்தனிப் பூட்டாவது போடக்கூடாதா?

.32 தோட்டாவை உருவாக்கியது யார்?
அதே ஆர்வலர்

ஜான் பிரௌனிங், அமெரிக்கர். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனிக்காக வடிவமைத்த பிஸ்டலோடு 19ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் வந்தது. 1926இல் அந்தத் தொழிற்சாலையில் வேலையாக இருந்தபோதே இறந்தார். அவர் போய் நூறு வருடம் ஆகப்போகிறது, தோட்டா அளவு மாறவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பெயர் பழக்கம். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் சந்திப்பு. கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங். வ.வே.சு. ஐயர் புதுச்சேரியில் பயிற்சி கொடுத்திருந்தார்.

விஜயபுரத்தில் லைசென்ஸ். திருத்தணி முருகனைப் பார்க்கப் போகும்போது இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாமா?
ரியல் எஸ்டேட்காரர், விஜயபுரம்

லைசென்ஸ் புத்தகத்தில் ‘செல்லுபடியாகும் பகுதி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே ஆந்திரப் பிரதேசம் மட்டும் எழுதியிருந்தால், பொன்பாடி தாண்டின நிமிஷம் உங்கள் பிஸ்டல் லைசென்ஸ் இல்லாத பிஸ்டல். நமக்கு மாமியார் வீடு அந்தப் பக்கம், கரும்பு போடுவது அந்தப் பக்கம், கல்யாண மண்டபம் அந்தப் பக்கம். எல்லை ஞாபகமே இருக்காது. போலீஸுக்கு இருக்கும்.

1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனபோது உங்கள் லைசென்ஸ் கூடப் போகவில்லை, தம்பி. இந்தியா முழுக்க வேண்டுமென்றால் தக்க காரணம் காட்டித் தனியாக மனுப் போட வேண்டும். அப்புறம், முருகனிடமே வேல் இருக்கிறது.

திருமலைக்கு?
அதே ரியல் எஸ்டேட்காரர்

அலிபிரியிலேயே இறக்கிவிடுவார்கள். பிஸ்டலையும், சில சமயம் உங்களையும்.

காட்டுப்பன்றி நிலக்கடலையை நாசம் பண்ணுகிறது. பிஸ்டல் உதவுமா?
விவசாயி, பலமநேர்

.32 குண்டு ஐந்து கிராம்கூட இல்லை, வேகம் ஒலியைவிடக் குறைவு. பன்றிக்குக் காயம் படும், கோபம் வரும், உங்களைத் தேடி வரும். சட்டத்துக்கும் கோபம் வரும், ஏனென்றால் பன்றியும் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. உங்கள் கஷ்டம் நிஜம். பன்றி ஒரு ராத்திரியில் தின்பது உங்கள் ஒரு போகத்து லாபம். வனத்துறையில் நஷ்டஈட்டு மனு கொடுங்கள், தாசில்தார் ஆபீஸிலும் ஒரு நகல் கொடுத்து முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு காற்றில் போகும்.

பெண்களுக்கென்றே ‘நிர்பீக்’ என்று ஒன்று வந்ததே, வாங்கலாமா?
ஆசிரியை, புத்தூர்

2014இல் கான்பூரில் வந்தது. .32 ரிவால்வர், அரைக் கிலோ எடை, அப்போதைய விலை ₹1,22,360. தாயே, இரவு எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்கிற பெண்ணிடம் அந்தப் பணம் இருந்தால் அவள் ஏன் பேருந்துக்கு நிற்கிறாள்? கைப்பைக்குள் குடை, டிபன் பாக்ஸ், நோட்டுப் புத்தகத்துக்கு நடுவே அதைத் தேடி எடுக்கவே அரை நிமிஷம். பாதுகாப்பு அந்தப் பேருந்து நிலையத்தில் எரிகிற விளக்கில் ஆரம்பிக்க வேண்டும். விளக்குப் போட வேண்டியவரை நாம் கேட்க வேண்டும்.

பத்தாயிரத்துக்கு நாட்டு பிஸ்டல் கிடைக்கிறதாம். லைசென்ஸ் அலைச்சல் இல்லை.
பெயர் எழுதவில்லை, ஊரும் எழுதவில்லை

எழுதாததே நல்லது. தொழிற்சாலைத் துப்பாக்கியை வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தமுள்ள தோட்டாவால் சோதித்து, முத்திரை குத்தித்தான் வெளியே விடுகிறார்கள். பட்டறைப் பிஸ்டலுக்கு முதல் சோதனை உங்கள் கை. புத்தூர் கட்டு எலும்புக்குத்தான், இல்லாத விரலுக்குக் கட்டுப் போட முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 வருடம், 5 வருடம் வரை போகும்.

கங்கம்மா ஜாத்திரையில் வானத்தைப் பார்த்து ஒன்று சுட்டால் என்ன?
இளைஞர் மன்றம், திருப்பதி

மேலே போனது கீழே வரும். ஜாத்திரைக் கூட்டத்தில் யார் தலை என்று அதற்குத் தெரியாது. கொண்டாட்டத்துக்குச் சுடுவதும் 2019 முதல் தனிக் குற்றம்: 2 வருடம் வரை சிறை, அல்லது லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பறை அடியுங்கள். சத்தமும் அதிகம், தாளமும் உண்டு.

தேர்தல் என்றால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது துரு. என்ன செய்வது?
அரிசி ஆலைக்காரர், நகரி

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16 அறிவிப்பு, மே 13 வாக்குப்பதிவு, ஜூன் 4 முடிவு. கோடை முழுக்க உங்கள் பிஸ்டல் அடுத்தவர் அறையில். கொடுக்கும் முன் நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசி, தோலுறை இல்லாமல் துணியில் சுற்றிக் கொடுங்கள். ரசீதில் வரிசை எண் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு, அங்கே அலமாரி கொஞ்சம் காய்ந்திருக்கும்.

அப்பாவுக்கு 72 வயது. அவர் பேரில் ஒரு பிஸ்டல், இரண்டு பழைய துப்பாக்கி. என் பேருக்கு மாற்ற முடியுமா?
மகன், கார்வேட்டிநகரம்

முதலில் கணக்கு: ஒருவருக்கு இரண்டுதான் என்று 2019லேயே குறைத்துவிட்டார்கள். மூன்றாவது இன்னும் வீட்டில் இருந்தால் அது ஆயுதம் இல்லை, வழக்கு. நாளைக்கே ஸ்டேஷனுக்கோ கடைக்கோ போங்கள். மாற்றம் முடியும். 70 வயது நிறைந்தாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசு பேருக்குக் கேட்கலாம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. ஆனால் நீங்களும் மனு, போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று எல்லாம் தாண்ட வேண்டும். சொத்து தானாக வரும். இது வராது.

கடைசியாக ஒன்று. மாமா, நீங்கள் வாங்குவீர்களா?
மாந்தோப்புக்காரர், விஜயபுரம்

மாட்டேன். வீட்டில் பேரன் இருக்கிறான், மேசை இழுப்பறை எல்லாம் அவன் ராஜ்யம். ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து அட்டையைச் சுடச் சொன்னால் நாளைக்கே வருகிறேன். உங்கள் தோப்புக்கு இரண்டு நாய், கேட்டுக்கு ஒரு விளக்கு. மாம்பழ சீசனில் எனக்கு ஒரு கூடை பங்கனப்பள்ளி அனுப்பிவிடுங்கள், ஆலோசனைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. போடமாட்டேன்.